சென்சார் எப்ப வாங்கினது?

அக்கா மகன் ஜனவரியில் அந்தமான் ஹாவ்லாக் தீவுக்கு டைவிங் போகிறான். ‘ரீப்ரீத்தர்’ போட்டுக்கொண்டாம். போன ஞாயிறு கும்மிடிப்பூண்டி வீட்டுக்கு வந்தவன் பட்டியலை நீட்டினான்.

சாதாரண ஸ்கூபாவில் விட்ட மூச்சு குமிழியாகப் போய்விடும். இதில் அதே காற்றுதான் சுற்றி வரும். கரியமில வாயுவை சோடா லைம் பிடித்துக்கொள்ளும். செலவான ஆக்சிஜனை சிலிண்டர் ஈடுகட்டும். நிரப்பிய சிலிண்டரை விமானத்தில் ஏற்ற முடியாது. ஆக்சிஜனுக்குத் தீவில் ஏற்பாடு, சோடா லைம் எத்தனை கிலோ, கடைசி டைவுக்குப் பிறகு விமானம் ஏற ஒருநாள் இடைவெளி, எல்லாம் எழுதியிருந்தான். கெட்டிக்காரன்தான்.

“ஆக்சிஜன் சென்சார் எப்ப வாங்கினது?”

“மூணு இருக்கு மாமா. வாங்கி மூணு வருஷம். அதிகம் யூஸ் பண்ணல.”

நான் வேலை பார்த்த ஆலையில், நைட்ரஜன் ஏற்றிய தொட்டிக்குள் ஒருவர் இறங்கினார். மேலே நின்ற என்னிடம் பேசிக்கொண்டே இறங்கியவர், பாதிப் பேச்சில் சரிந்தார். திணறவில்லை, கத்தவில்லை. கரியமில வாயு கூடினால் மூச்சு முட்டும். ஆக்சிஜன் குறைந்தால் உடம்புக்குத் தெரியவே தெரியாது. வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. எங்கள் மீட்டரின் சென்சார் செத்து மூன்று மாதம். புதுசுக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தோம். அளக்காமல் இறங்க விட்டவர்களில் நானும் ஒருவன்.

சென்சார் பெட்டியில் கிடந்தாலும் தேயும். ஒன்றாக வாங்கிய மூன்றும் ஒன்றாகவே பொய் சொல்லலாம்.

பேசாமல் பேனாவை எடுத்து, பட்டியலின் தலையில் ‘புது சென்சார் 3’ என்று எழுதினான். பிறகு மெதுவாக, “அம்மாகிட்ட இதெல்லாம் சொல்லாதீங்க மாமா” என்றான்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். எடுக்கவில்லை.