கண்ணுக்குத் தெரியாத தூசு

மனிதன் சோறின்றிச் சில வாரங்கள் உயிர் தாங்குவான்; நீரின்றிச் சில நாட்கள் தாங்குவான்; மூச்சின்றிச் சில நிமிஷங்களும் தாங்கான். இவ்வுண்மையை அறியாதார் நம்மில் ஒருவருமிலர். ஆயினும், சோற்றில் ஒரு கல் அகப்பட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கும் நாம், மூச்சில் ஆயிரம் கல் கலந்து வருவதைப் பற்றி வாய் திறப்பதில்லை. காரணம் யாதெனில், சோற்றுக்கல் பல்லில் கடிபடுகிறது. காற்றுக்கல் கண்ணுக்கும் தெரிவதில்லை, பல்லுக்கும் தட்டுப்படுவதில்லை. தெரியாத பகைவனே பெரும் பகைவன் என்பதை இங்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

நாம் வாழும் பண்டார் பாரு, கெடா மாநிலத்தின் தென்கோடி. கிரியான் ஆற்றைக் கடந்தால் பேராக்கின் பாரிட் புந்தார். மேற்கே சென்றால் பினாங்கு மாநிலத்து நிபோங் திபால். ஒரு பக்கம் செம்பனை, ஒரு பக்கம் ரப்பர், ஒரு பக்கம் நெல்வயல். பசுமை சூழ்ந்த இவ்வூரில் காற்றுக்கு என்ன குறை என்று பட்டணத்து நண்பர்கள் கேட்பதுண்டு. தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நமக்கோ அதற்கு வேறு விடை தெரியும். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது, ‘இருக்கிறேன்’ என்ற சொல்லுக்கு முன் வருவது பெரும்பாலும் இருமலே. அவ்விருமலுக்கு ஜனங்கள் சூட்டும் பெயர்கள் பல: பனி என்பர், சூடு என்பர், வயது என்பர், ஒன்றும் அகப்படாவிடில் தலைவிதி என்பர். புகை என்று மட்டும் எவரும் சொல்வதில்லை.

இத்தூசு எத்தகையதென்று முதலில் பார்ப்போம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். மனிதனுடைய தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறக்குறைய 50 முதல் 70 மைக்ரான். பெரிய தூசை மூக்கின் மயிரும் சளியும் தடுத்துவிடும். தும்மலிலும் இருமலிலும் அது வெளியேறிவிடும். 10 மைக்ரானுக்குக் குறைந்தது மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். 2.5 மைக்ரானுக்குக் குறைந்ததோ நுரையீரலின் கடைசிக் காற்றறை வரையில் சென்று தங்கும். அதிலும் மிக நுண்ணியது இரத்தத்திலேயே கலந்துவிடும். ஆதலால் இது நுரையீரல் நோயோடு நிற்பதன்று. மாரடைப்பு, பக்கவாதம், குழந்தைகளின் ஆஸ்துமா, கருவிலிருக்கும் சிசுவின் எடைக்குறைவு ஆகிய யாவும் இதனோடு தொடர்புற்றவை என வைத்திய அறிஞர் கண்டுள்ளனர். உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், 2013-ஆம் ஆண்டில் வெளிக்காற்றின் மாசைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருளென்றே அறிவித்தது. 2021-இல் அந்த ஸ்தாபனம் இந்நுண்தூசுக்கு விதித்த வரம்பு, ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராம். அதற்கு முன்னிருந்த வரம்பு 10. ஆராய ஆராய ஆபத்துப் பெரிதாயிற்றேயன்றிச் சிறிதாகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

புகைமூட்டம் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1997 செப்டம்பரில் சரவாக்கின் கூச்சிங் நகரில் காற்று மாசுக் குறியீடு 839 வரை ஏறிற்று; அங்கு அவசரநிலை பிரகடனம் செய்யப்பட்டது. 2005-இல் கிள்ளான் துறைமுகத்திலும், 2013-இல் மூவாரிலும் அவ்வாறே நேர்ந்தது. 2015-இலும் 2019-இலும் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. அந்நாட்களில் வானொலியும் பத்திரிகையும் தவறாமல் ஓர் அறிவுரை கூறும்: ‘வீட்டுக்குள்ளேயே இருங்கள்.’ நல்ல அறிவுரையே. ஆனால் யாருக்கு? ஆபிஸில் கதவடைத்துக் குளிர்சாதனத்தின் கீழ் அமர்ந்திருக்கும் நமக்கு அது பொருந்தும். குலையை வெட்டினால்தான் அன்றைக்குக் கூலி என்றிருப்பவன் எவ்வாறு வீட்டுக்குள் இருப்பான்? குறியீடு நூறைத் தாண்டினால் காற்று ‘ஆரோக்கியமற்றது’ என்று அட்டவணை கூறுகிறது. நமது செக்ரோலிலோ அதற்கென ஒரு கட்டம் இல்லை. வந்தான் என்று குறிக்கலாம். வரவில்லை என்று குறிக்கலாம். ‘காற்றுக் கெட்டிருந்தது, ஆதலால் வரவில்லை, கூலி உண்டு’ என்று குறிக்க இடமில்லை. மழைக்கு உள்ள மதிப்புக்கூடப் புகைக்கு இல்லை. ஆகவே புகைமூட்டத்தின்போது ஒரே வானத்தின் கீழ் இரண்டு வகை நுரையீரல்கள் உண்டாகின்றன: காப்பாற்றத் தகுந்தது ஒன்று, கணக்கில் வராதது ஒன்று. இது நியாயமா என்று கேட்கிறோம்.

நிற்க. காட்டுத் தீயின் புகையாவது சில மாதத்தில் ஓய்கிறது. ஓயாத புகை ஒன்று 2018-க்குப் பின் கெடாவுக்கு வந்து சேர்ந்தது. அவ்வாண்டு ஜனவரி முதல் சீனா அந்நிய நாட்டுப் பிளாஸ்டிக் கழிவை வாங்க மறுத்துவிட்டது. உடனே மேல்நாட்டார் தங்கள் குப்பைக்கு வேறு வாசல் தேடினர். நம் நாடு அவ்வாசலாயிற்று. 2018-இன் முதல் ஏழு மாதங்களில் மட்டும் ஏறக்குறைய 7,54,000 டன் பிளாஸ்டிக் கழிவு மலேசியாவுக்குள் வந்ததென்று கிரீன்பீஸ் இயக்கம் கணக்கிட்டது. உருக்கத் தகுந்ததை உருக்கினர், தகாததைக் கொளுத்தினர். சிலாங்கூரின் ஜென்ஜாரோமும் நமக்கு வடக்கே சுங்கைப்பட்டாணியும் இதற்கு இலக்காயின. இரவில் பிளாஸ்டிக் கருகும் நாற்றத்தால் தூக்கமிழந்த சுங்கைப்பட்டாணி ஜனங்கள் சும்மா இருந்துவிடவில்லை. ஒன்றுகூடினர், மனுக் கொடுத்தனர், ஆலைகளைக் காட்டிக்கொடுத்தனர். பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் இறக்குமதியை எதிர்த்துக் குரல் எழுப்பிற்று. உரிமமின்றி நடந்த ஆலைகள் பல மூடப்பட்டன. 2020 ஜனவரியில், 150 கொள்கலன் குப்பையை வந்த நாடுகளுக்கே திருப்பியனுப்பியதாக அரசாங்கம் அறிவித்தது. 2025 ஜூலை முதல், பாசல் உடன்படிக்கையில் சேராத நாடுகளின் பிளாஸ்டிக் கழிவுக்குத் தடையும் வந்தது. ஜனங்கள் முணுமுணுத்ததனால் இவை நடக்கவில்லை. வாய்விட்டுப் பேசியதனால் நடந்தன.

பிளாஸ்டிக் எரிந்தால் மட்டுமன்றி, எரியாமலும் காற்றில் கலக்கிறது. வெயிலில் கிடந்து மக்காமல் நொறுங்கி, துணியிலிருந்து நூல்நூலாய் உதிர்ந்து, கண்ணுக்குப் புலப்படாத துகளாகி மிதக்கிறது. 2022-இல் இங்கிலாந்தில் அறுவைச் சிகிச்சைக்கு வந்தவர்களிடமிருந்து எடுத்த 13 நுரையீரல் திசுக்களை ஆராய்ந்தபோது 11-இல் அத்துகள்கள் காணப்பட்டன. அதே ஆண்டில் நெதர்லாந்து அறிஞர் 22 பேரின் இரத்தத்தைச் சோதித்து 17 பேரிடம் பிளாஸ்டிக்கைக் கண்டனர். 2024-இல் வெளியான இத்தாலிய ஆராய்ச்சியொன்று, கழுத்து இரத்தக்குழாயில் படிந்த கொழுப்பில் பிளாஸ்டிக் துகள் இருந்தவர்க்கு, இல்லாதவரைவிட மாரடைப்பும் பக்கவாதமும் மரணமும் நேரும் அபாயம் நாலரை மடங்கு அதிகமெனக் கூறிற்று. பிளாஸ்டிக்கே காரணமென்று அது நிரூபித்துவிடவில்லை. இரண்டும் சேர்ந்திருக்கக் கண்டதென்பதே அதன் பொருள். அறிவுடையோர் அளவுக்குமேல் அஞ்சவும் மாட்டார், ஆராய்ச்சி முடியட்டும் என்று கைகட்டி இருக்கவும் மாட்டார்.

இங்கே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள் சற்று நின்று சிந்திக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. சாலையில் ஓடும் வண்டிச் சக்கரத்தின் டயர் தேய்கிறதே, அத்தேய்மானம் எங்கே போகிறது? அதுவும் தூசாகிக் காற்றிலும் கால்வாயிலும் கலக்கிறது. நம் மரத்துப் பாலும், எண்ணெயிலிருந்து செய்த செயற்கை ரப்பரும், பல இரசாயனங்களும் சேர்ந்ததே டயர். நுண்பிளாஸ்டிக் உண்டாகும் பெருவாயில்களில் டயர்த் தேய்மானமும் ஒன்றென அறிஞர் கணக்கிடுகின்றனர். நம் பாட்டனும் தாயும் இருட்டில் எழுந்து, நெற்றி விளக்குடன் வெட்டி எடுத்த பால், உலகைச் சுற்றிவிட்டுப் பொடியாய் நம் மூச்சுக்கே திரும்புகிறது. லாபம் சென்ற இடம் வேறு. தூசு வந்த இடம் வேறு.

மேல்நாட்டானையும் முதலாளியையும் குறைகூறி முடித்துவிட்டால் கடமை தீர்ந்ததாகாது. நம் லயத்துக்குப் பின்னால் மாலைதோறும் எழும் புகை யார் மூட்டியது? காய்ந்த இலையோடு பால் பாக்கெட்டும், நெகிழிப் பையும், பழைய செருப்பும், வெள்ளைச் சோற்றுப் பெட்டியும் சேர்ந்தல்லவோ எரிகின்றன! குழாய், வயர் உறை முதலிய சில பிளாஸ்டிக்குகளில் குளோரின் உண்டு. அவை குறைந்த சூட்டில் எரியும்போது டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு பிறக்கிறது. ஆலையின் பெருந்தீயை அதிகாரி வந்து அணைப்பார். நம் சிறுதீயை நாமே அணைக்கவேண்டும். திறந்தவெளியில் குப்பை எரிப்பதைச் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் தடுக்கிறது. கொசுவர்த்திச் சுருளையும் பாருங்கள். நம் நாட்டிலும் சீனாவிலும் விற்கும் சுருள்களை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு சுருள் எரிந்து விடும் நுண்தூசு 75 முதல் 137 சிகரெட்டுகளின் தூசுக்குச் சமம். சிகரெட் பிடிக்கும் கணவனை வாசலுக்கு விரட்டும் தாய், குழந்தையின் தலைமாட்டில் சுருளைக் கொளுத்திக் கதவைச் சாத்துகிறாள். அன்பினால் செய்கிறாள், அறிவிப்பாரில்லாமையால் செய்கிறாள்.

‘நம் முன்னோர் புகையிலேயே பிறந்து புகையிலேயே வாழவில்லையா?’ என்று கேட்பாருண்டு. வாழ்ந்தனர், எத்தனை வயது வரையில் என்பதையும் கேட்கவேண்டும். நம்மைப் பெற்றவள் விடியுமுன் விறகடுப்பை ஊதிவிட்டுப் பால் வெட்டப் போவாள். திரும்பிவந்து மறுபடி ஊதுவாள். சிகரெட்டைக் கையால் தொட்டறியாத அவளுக்கு, பிற்காலத்தில் நாலு படி ஏறினால் மூச்சு நின்று நின்று வந்தது. ‘பனி ஒத்துக்கொள்ளவில்லையடா’ என்பாள். நீண்டகாலம் புகை குடித்த நுரையீரலின் நோய் இதுவென்று டாக்டர் கூறியபோது, அவள் சிரித்தாள்; அடுப்பு ஊதுவதும் ஒரு புகைபிடித்தலா என்று கேட்டாள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2020-இல் மட்டும் வீட்டு அடுப்புப் புகையால் அகாலத்தில் மாண்டோர் 32 லட்சம் பேர். அவர்களில் எத்தனை தாய்மார் பனியின்மேல் பழிபோட்டுப் போய்ச் சேர்ந்தனரோ! முன்னோர் தாங்கினார்கள் என்பது பின்னோரும் தாங்கவேண்டும் என்பதற்கு நியாயமாகாது.

ஆகவே நாம் கூறுவது இதுவே. லயத்துக்கு ஒரு குப்பைக்குழியும், பிளாஸ்டிக்குக்குத் தனிச் சாக்கும் வைத்து, எரிப்பதை நிறுத்துவோம். சுருளுக்குப் பதில் கொசுவலை கட்டுவோம். வீட்டைச் சுற்றித் தேங்கிய நீரைக் கவிழ்ப்போம். புகைமூட்டத்தில் துணியைக் கட்டிக்கொண்டு பாதுகாப்பென்று எண்ணாமல், நுண்தூசைத் தடுக்கும் என்-95 முகக்கவசத்தைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்போம். கெட்ட காற்று நாளுக்கு அரைக்கூலியாவது உண்டென்ற விதியைச் சங்கத்தின் வழியாய்க் கோருவோம். அக்கோரிக்கையில், இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்து நம்மோடு வேலைசெய்யும் தொழிலாளரையும் சேர்த்துக்கொள்வோம். அவர்களுக்கும் இரண்டு நுரையீரல்தாம்.

ஆங்கிலம் படித்த தோழர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. காற்றுக் குறியீடு நம் கைபேசியில் மணிக்கு மணி வருகிறது. ஆங்கிலத்திலும் மலாயிலும் வருகிறது. அதை வாசித்துவிட்டு நம் வீட்டுச் சன்னலை மட்டும் சாத்திக்கொள்வதற்காகவா நம்மைப் படிக்கவைத்தார்கள்? பெரட்டுக் களத்துப் பலகையில் அன்றைய எண்ணையும் அதன் பொருளையும் சுண்ணக்கட்டியால் தமிழில் எழுதிவைக்க எவரிடம் அனுமதி பெறவேண்டும்? நாளை காலை ஐந்தரை மணிக்குப் பெரட்டு. எழுதுவோம்.