கடற்கோடியில் ஒரு போஸ்டாபீஸ்

அயர்லாந்து தேசத்தின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். கிழக்குக் கரையில் தலைநகர் டப்ளின். அங்கிருந்து விரலை இடது பக்கமாக நகர்த்திக்கொண்டே போனால், மேயோ மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் சமுத்திரத்துக்குள் நீண்டிருக்கும் மெல்லிய நிலத்துண்டு ஒன்று தென்படும். முல்லெட் தீபகற்பம் என்று அதற்குப் பெயர். அதன் தெற்கு முனையில் இருக்கும் சிற்றூர்தான் பிளாக்ஸாட். அதற்கு அப்பால் அட்லாண்டிக் சமுத்திரம். அதற்கும் அப்பால் அமெரிக்காக் கண்டந்தான்!

பெல்முல்லெட் என்ற சிறு பட்டணத்தோடு கடைத்தெரு முடிந்துவிடுகிறது. பிறகு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தெற்கே போக வேண்டும். வழியில் மரம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. காற்று வளர விட்டால்தானே! புல்வெளி, கல் வேலி, ஆடுகள், இரண்டு பக்கமும் கடல். சாலை முடியும் இடத்தில் ஒரு படகுத் துறை. அதையொட்டி, உள்ளூர்க் கல்லினால் 1860-களில் கட்டிய கலங்கரை விளக்கம். நெட்டையாக, உருண்டையாகக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். சதுரமான மாடி வீடு ஒன்று தலையில் தொப்பி வைத்துக்கொண்டது போல் இருக்கும், அவ்வளவுதான்.

இந்த ஊருக்குப் புகழ் வந்தது விளக்கினால் அல்ல; ஒரு பெண்ணினாலும் ஒரு பாரமானியினாலும்.

எச்சரிக்கை இல்லாத இரவு

அந்தக் கதைக்கு முன்னால் வேறொன்று சொல்ல வேண்டும். இந்தக் கரைக்கு எதிரே கடலில் இனிஷ்கீ என்ற இரட்டைத் தீவுகள் இருக்கின்றன. 1927-ஆம் வருஷம் அக்டோபர் 28-ஆம் தேதி மாலை கடல் அமைதியாக இருந்தது. தீவு வாலிபர்கள் வழக்கம்போல் சிறு படகுகளில் மீன் பிடிக்கப் போனார்கள். திடீரென்று பெரும் புயல் மூண்டது. தீவுக்காரர்களில் மட்டும் பத்துப் பேர் திரும்பவில்லை. மேற்குக் கரை நெடுக அன்றிரவு மாண்டவர்கள் நாற்பதுக்கு மேல். மிஞ்சிய குடும்பங்கள் அடுத்த சில வருஷங்களில் தீவைக் காலி செய்துவிட்டுக் கரைக்கு வந்துவிட்டன. இன்று அங்கே கூரையற்ற சுவர்கள்தான் நிற்கின்றன. புயல் வருகிறது என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்ல அவர்களுக்கு ஆள் இல்லை.

புயல் பிறக்கும் விதம்

நம் வங்காள விரிகுடாப் புயலுக்கும் இந்த வட அட்லாண்டிக் புயலுக்கும் ஜாதியே வேறு. நம்முடையது சூடான கடல்நீரின் ஆவியைக் குடித்து வளர்வது. அங்கேயோ, வடதுருவப் பக்கத்திலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்றும், தெற்கேயிருந்து ஏறும் வெதுவெதுப்பான ஈரக்காற்றும் எதிரெதிரே சந்திக்கின்றன. மாமியாரும் மருமகளும் போல இரண்டும் லேசில் கலப்பதில்லை. நடுவே ஒரு கோடு விழுந்துவிடுகிறது! முதல் மகாயுத்தம் முடிந்த சமயத்தில் நார்வே தேசத்துப் பெர்கன் நகரத்து நிபுணர்கள் இதைக் கண்டு சொன்னார்கள். யுத்த காலம் அல்லவா? அந்தக் கோட்டுக்குப் போர்முனையின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

அந்தக் கோட்டில் ஓரிடத்தில் மடிப்பு விழும். வெதுவெதுப்பான காற்று குளிர்காற்றின்மேல் ஏறும். மிக உயரத்தில் ஓடும் வேகக் காற்று, மேலே இருப்பதை வாரி வெளியே இறைக்கும். கீழே அழுத்தம் குறையும்; சுற்றுப்புறக் காற்றெல்லாம் சுழன்றுகொண்டு உள்ளே பாயும். ஒரே நாளில் 24 மில்லிபார் அளவுக்கு அழுத்தம் சரிந்துவிட்டால் அந்தப் புயலை நிபுணர்கள் 'வெடிகுண்டு' என்றே அழைக்கிறார்கள்.

இவை பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே நகர்பவை. ஆகவே ஐரோப்பாவுக்குள் நுழையுமுன் முதலில் கதவைத் தட்டுவது பிளாக்ஸாட் போன்ற ஊர்களைத்தான்.

பிறந்த நாளில் வந்த டெலிபோன்

1942-இல் கெர்ரி மாவட்டத்துப் பெண்ணான மோரீன் ஃப்ளாவின் பிளாக்ஸாட் போஸ்டாபீஸில் உதவியாளர் உத்தியோகத்துக்கு வந்து சேர்ந்தாள். தபால், தந்தி, ஸ்டாம்பு, இவற்றைக் கவனித்தால் போதும் என்றுதான் நினைத்து வந்தாள். வந்த பிறகுதான் தெரிந்தது, பாரமானி பார்ப்பதும், காற்று, மேகம், மழை இவற்றைக் குறித்து டப்ளினுக்குச் சொல்வதும் அவள் வேலையில் சேர்ந்தவை என்று. அயர்லாந்து யுத்தத்தில் சேராத நாடு. ஆனாலும் இந்தக் குறிப்புகள் டப்ளினிலிருந்து சத்தமில்லாமல் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன. மோரீனுக்கு அது தெரியாது.

1944-ஆம் வருஷம் ஜூன் 3-ஆம் தேதி அவளுக்கு இருபத்தொரு வயது பூர்த்தியாயிற்று. பிறந்த நாளன்று நள்ளிரவுக்குப் பிறகு, மணி ஒன்றுக்கு, அவள் விழித்துக்கொண்டு பாரமானியைப் பார்த்தாள். பாதரசம் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. இருந்ததை இருந்தபடி அனுப்பினாள். பொழுது விடிந்து சில மணி நேரங்கழித்து டெலிபோன் மணி அடித்தது. ஆங்கிலேயச் சாயலில் பேசிய ஒரு பெண்மணி, அளவைச் சரிபார்த்துத் திரும்பச் சொல்லும்படி கேட்டாள். சரியாகத்தான் இருந்தது. இன்னொரு முறையும் அதே விசாரணை. தப்பு செய்துவிட்டோமோ என்று எந்தப் பெண்ணுக்கும் உதறல் எடுக்கும். கலங்கரை விளக்கத்தின் காவலர் டெட் ஸ்வீனியும் பார்த்தார். அளவு மாறவில்லை.

சுமார் 800 கிலோமீட்டருக்கு அப்பால், பிரான்ஸ் தேசத்து நார்மண்டிக் கரையில் ஜூன் 5-ஆம் தேதி ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்கள் இறங்குவதாக ஏற்பாடு. தளபதி ஐசன்ஹோவருக்கு வானிலை ஆலோசகர் ஜேம்ஸ் ஸ்டாக். அவருக்குக் கீழே நிபுணர் கோஷ்டிகள் மூன்று; ஒன்று நல்ல நாள் என்றது, மற்றொன்று கூடவே கூடாது என்றது. இந்தத் தகராறின் நடுவே மேற்கேயிருந்து வந்த அளவுகளை நம்பி, புயல் நிச்சயம் என்றார் ஸ்டாக். ஜூன் 4-ஆம் தேதி விடியற்காலை, வானம் தெளிவாக இருக்கும்போதே, படையெடுப்பு ஒத்திப்போடப்பட்டது. கடலில் இறங்கிவிட்ட கப்பல்கள்கூடத் திரும்பின. பிறகு சொன்னபடியே காற்று வந்தது.

அன்று பிற்பகல் பிளாக்ஸாட்டிலிருந்து வேறு விதமான செய்தி. மழை விட்டது, மேகம் உயர்ந்தது, கடல் தெளிவாகத் தெரிந்தது. புயலின் பின்னால் சிறிது நேரம் வழி திறக்கும் என்பது இதனால் உறுதிப்பட்டது. ஜூன் 6-ஆம் தேதி படைகள் கரையேறின. எதிரிகளுக்கோ அட்லாண்டிக்கில் கண்கள் இல்லை. இப்படிப்பட்ட காற்றில் யார் வரப்போகிறார்கள் என்று ஜெர்மன் தளபதி ரோமல், மனைவியின் பிறந்த நாளுக்கு ஊருக்கே போயிருந்தார்!

ஒரு பெண்ணின் அளவு ஒன்றே யுத்தத்தை மாற்றியது என்றால் அது அதிகப்படி. கப்பல்களும் மற்ற நிலையங்களும் செய்தி அனுப்பின. ஆனால், கலக்கத்தில் அவள் எண்ணைச் சற்றே திருத்திச் சொல்லியிருந்தால்? எத்தனை தாய்மார்கள் பிள்ளைகளை இழந்திருப்பார்கள்!

இன்றைய காவல்

இன்று செயற்கைக் கோளும், கடல் மிதவையும், கணிப்பொறியும் காவல் காக்கின்றன. 2025 ஜனவரியில் 'ஏயோவின்' என்ற புயல் ஒரே நாளில் ஏறத்தாழ 50 மில்லிபார் சரிந்து சீறியது. 24-ஆம் தேதி கால்வே மாவட்டத்து மேஸ் ஹெட்டில் மணிக்கு 183 கிலோமீட்டர் காற்று. அயர்லாந்து அளந்தறிந்ததில் அதுவே உச்சம். ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட இடங்களில் மின்சாரம் போயிற்று. ஆனால் முன்கூட்டியே சிவப்பு எச்சரிக்கை கொடுத்து, பள்ளிகளை மூடி, ஜனங்களை வீட்டுக்குள் இருக்கச் சொல்லிவிட்டார்கள். உயிர்ச்சேதம் மிகச் சொற்பம். இனிஷ்கீ வாலிபர்களுக்குக் கிடைக்காத வார்த்தை இவர்களுக்குக் கிடைத்தது.

மோரீன் 1946-இல் டெட் ஸ்வீனியையே மணந்து பிளாக்ஸாட்டிலேயே தங்கிவிட்டார். தாம் அனுப்பிய அளவு எங்கே போயிற்று என்பது அவருக்கு 1956-இல்தான் தெரிந்ததாம். 2021-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அவருக்குக் கௌரவம் செய்தது. நூறு வயது கண்டு, 2023 டிசம்பரில் காலமானார். வானிலை நிலையமும் 1956-இலேயே பெல்முல்லெட்டுக்குப் போய்விட்டது. விளக்கு மட்டும் இன்னும் இரவில் எரிகிறது.