ஒரு ஆளுக்கு இரண்டு கைதான்

என் மச்சாள் சார்ஜாவில் ஒரு வீட்டில் வேலை செய்கிறா. அதை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பரவு வேலை செய்யப் போறாவாம். "வருமான வரியே இல்லாத நாடு, உழைக்கிறதெல்லாம் எங்களுக்குத்தானே" என்கிறா. நான் சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன், தொழிற்சாலையில் நிற்கிறவன். ஆனாலும் கணக்குப் பார்த்தேன்.

வரி இல்லைத்தான். 2018 இல் வந்த வற் வரிக்கும் வருட விற்பனை 375,000 திர்ஹத்தைத் தாண்டினால்தான் பதிய வேண்டும். துடைப்பம் பிடிக்கிற ஒரு ஆளுக்கு அந்தக் கோடு கண்ணுக்கே தெரியாது.

மணிக்கு 35 திர்ஹம் என்று வைப்போம். நாளுக்கு 8 மணித்தியாலம், மாதம் 26 நாள்: 7,280. கேட்க நல்லாய்த்தான் இருக்கு. ஆனால் ஒரு வீடு சார்ஜாவில், மற்ற வீடு தேராவில் என்றால் பஸ்ஸில் நிற்கிற நேரத்துக்கு யார் காசு தருவினம்? 5 மணித்தியாலம் கிடைத்தால் 4,550. அதற்குள் கட்டில் வாடகை, சாப்பாடு, விசாச் செலவு. காய்ச்சல் வந்தால் அன்றைக்குப் பூச்சியம்.

இன்னொரு ஆளைச் சேர்த்தால் வளரலாம். அதற்கு லைசென்ஸ் வேண்டும். ஒருவரின் விசாவில் நின்றுகொண்டு வேறு வீடுகளில் உழைக்கவும் ஏலாது. 2022 ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளர் சட்டப்படி, அனுமதியில்லாத ஆளை வேலைக்கு வைக்கிறவருக்கு 50,000 முதல் 200,000 திர்ஹம் வரை தண்டம். அந்தப் பயத்தில் வசதியான வீட்டுக்காரர் கொம்பனியைத்தான் கூப்பிடுவினம். பிடிபட்டால் மச்சாளை நாடு கடத்துவார்கள். 2009 இல் மெனிக் பாம் முகாமுக்குள் வெறுங்கையோடு போன குடும்பம் எங்களுடையது. அவ அனுப்புகிற காசில்தான் அங்கே அடுப்பு எரிகிறது.

லைசென்ஸ் உள்ள கொம்பனிக்கு முறையாக மாற வழியிருக்கா என்று முதலில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். மச்சாள் இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.