காசி யாத்திரையில் கண்ட மூன்று தூண்கள்

காசிக்குப் போகிறவர்கள் தமக்குப் பிரியமான ஒன்றை அங்கே விட்டுவிட்டு வரவேண்டும் என்பது நம்மவர் வழக்கம். ஆயினும் பாகற்காயை விட்டு வந்தவர்கள் நம் நாட்டில் அநேகர். மாம்பழத்தை விட்டவர் ஒருவரையேனும் நாங்கள் இதுவரை சந்தித்ததில்லை. எங்கள் யாத்திரையோ வேறு விதமாக முடிந்தது. நாங்கள் எதையும் விட்டுவிட்டு வரவில்லை. புதிதாக ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டு வீடு திரும்பினோம். அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நாங்கள் இருவரும், அதாவது கணவனும் மனைவியும், பள்ளி ஆசிரியர்கள். இருபது வருஷங்களாகச் சரித்திரம் கற்பித்து வருகிறோம். எங்களில் ஒருவருக்குத் தாயாரும் மற்றவருக்கு மாமியாருமான அம்மாவுக்கு எழுபத்துமூன்று பிராயம். ராமேசுவரத்து மணலைக் கொண்டுபோய்ப் பிரயாகையில் சேர்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். வட தேசம் வரையில் போகிறோமே, முதலில் டில்லியையும் பார்த்துவிடலாம் என்பது எங்கள் ஆசை. ஆகவே கோடை விடுமுறையில், சிறு துணியில் முடிந்த மணலுடன் சென்னையில் ரயில் ஏறி, இரண்டு இரவும் ஒரு பகலும் பிரயாணம் செய்து டில்லி போய்ச் சேர்ந்தோம்.

டில்லித் தூண்

அசோகச் சக்கரவர்த்தி என்ன செய்தார் என்று தமிழ்நாட்டில் எந்தப் பையனைக் கேட்டாலும், "சாலையோரங்களில் மரங்களை நட்டார்" என்று தூக்கத்திலும் சொல்லிவிடுவான். அது எங்கே எழுதியிருக்கிறது என்று எங்களை ஒரு பையனும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் முதல் சில வருஷங்களில் நாங்களும் விழித்திருப்போம்.

அது எழுதப்பட்ட இடங்களுள் ஒன்று டில்லியில் பெரோஸ் ஷா கோட்லா என்னும் பாழடைந்த கோட்டையில் நிற்கிறது. படிப்படியாகக் குறுகி உயரும் மூன்று அடுக்குக் கட்டடத்தின் உச்சியில், ஏறக்குறைய பதின்மூன்று மீட்டர் நீளமுள்ள ஒரே கல்லாலான தூண் அது. இன்றும் வெயில் பட்டால் பளபளக்கிறது. அதன் சொந்த இடம் டில்லியன்று. இன்றைய ஹரியானாவிலுள்ள தோப்ரா என்னும் கிராமம். 1351 முதல் 1388 வரை ஆண்ட பெரோஸ் ஷா துக்ளக் அத்தூணின் அழகில் மயங்கி, அதைத் தமது புதிய தலைநகருக்குக் கொண்டுவர விரும்பினார். கீழே சாய்ந்தால் உடைந்துபோகுமென்று சுற்றிலும் இலவம் பஞ்சை மலையாகக் குவித்து, அதன்மேல் மெதுவாகச் சாய்த்தார்களாம். பிறகு நாணலாலும் தோலாலும் சுற்றி, நாற்பத்திரண்டு சக்கரங்கள் பூட்டிய வண்டியில் ஏற்றி, ஆயிரக்கணக்கானோர் யமுனைக் கரைக்கு இழுத்து, படகுகளில் டில்லிக்குக் கொண்டுவந்தார்கள். இவ்வளவையும் ஷம்ஸ்-இ-சிராஜ் அபீப் என்ற சரித்திராசிரியர் எழுதி வைத்திருக்கிறார்.

தூண் பத்திரமாக வந்து சேர்ந்தது. அதில் எழுதியிருப்பது என்ன என்று அறியச் சுல்தான் பண்டிதர்களை வரவழைத்தார். ஒருவராலும் வாசிக்க முடியவில்லை. சிலர் மட்டும், "பெரோஸ் என்னும் அரசர் தோன்றும் வரையில் இத்தூணை ஒருவராலும் அசைக்க இயலாது என்று எழுதியிருக்கிறது" என்றார்களாம். பாடம் படிக்காத மாணவன் ஆசிரியரின் முகத்தைப் பார்த்தே விடை சொல்வதை நாங்கள் தினமும் காண்கிறோம். ஆதலால் அந்தப் பண்டிதர்கள் மீது எங்களுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

அத்தூண் வாய் திறக்க இன்னும் ஏறக்குறைய ஐந்நூறு வருஷங்கள் ஆயின. ஜேம்ஸ் பிரின்ஸெப் என்ற ஆங்கிலேயர் காசியிலும் கல்கத்தாவிலும் நாணயசாலை உத்தியோகஸ்தராக இருந்தவர். சாஞ்சியிலுள்ள சிறு சிறு எழுத்துக்களைப் பிரதி எடுத்துப் பார்த்தபோது, அவற்றுள் மிகப் பல ஒரே இரண்டு எழுத்துக்களில் முடிவதைக் கண்டார். கோயிலுக்குக் கொடுத்தவர்கள் தம் பெயரைப் பொறித்து, முடிவில் 'தானம்' என்று எழுதியிருப்பார்கள் என ஊகித்தார். அந்த ஊகம் சரியாயிற்று. 1837-இல் பிராமி எழுத்தின் பூட்டுத் திறந்துகொண்டது. ஒரு பேரரசரின் வாக்கைப் படிப்பதற்குத் திறவுகோலாக அமைந்தது, பெயர் தெரியாத சாமானிய ஜனங்களின் தானம்! இதை நினைத்து நினைத்து நாங்கள் வியந்தோம்.

"அவ்வளவு பாடுபட்டுப் படித்தார்களே, அதிலே என்னதான் எழுதியிருக்கு?" என்று அம்மா கேட்டார்.

சாலைகளில் மனிதருக்கும் மிருகங்களுக்கும் நிழல் தர ஆலமரம் வைத்ததையும், மாந்தோப்புகள் உண்டாக்கியதையும், வழியெங்கும் கிணறு வெட்டித் தண்ணீர்ப்பந்தல் வைத்ததையும் சக்கரவர்த்தி இத்தூணில் சொல்லியிருக்கிறார் என்றோம். சந்திர சூரியர் உள்ளவரை இது நிலைக்கவேண்டும் என்று முடித்திருப்பதையும் சொன்னோம். இச்செய்திகளைக் கூறும் ஏழாவது சாஸனம், அவருடைய தூண்களுள் இது ஒன்றில் மட்டுமே இருக்கிறது.

"தண்ணீர்ப்பந்தல்தானே! எங்கள் தாத்தா சாகும் வரைக்கும் வைத்தாரே" என்றார் அம்மா. சக்கரவர்த்தி அவருக்குச் சட்டென்று உறவினராகிவிட்டார்.

அன்று வியாழக்கிழமை. கோட்டையின் இருண்ட அறைகளில் ஏழை ஜனங்கள் விளக்கேற்றி, தங்கள் குறைகளைக் காகிதத்தில் எழுதிச் சுவர் மாடங்களில் செருகிக்கொண்டிருந்தார்கள். அங்கே வாழும் ஜின்கள் அவற்றைப் படித்து அருள் செய்யும் என்பது அவர்கள் நம்பிக்கை. எழுதினதை யாராவது படிக்கவேண்டும் என்ற ஏக்கம் சக்கரவர்த்திக்கும் ஏழைக்கும் ஒன்றுதான் போலும்!

பிரயாகைத் தூண்

டில்லியிலிருந்து ஓரிரவுப் பிரயாணத்தில் பிரயாகையை அடைந்தோம். திரிவேணி சங்கமத்தில் யமுனையின் பச்சை நீரும் கங்கையின் வெண்ணிற நீரும் கலக்குமிடத்தில் படகை நிறுத்தி, அம்மா மணல் முடிப்பை அவிழ்த்தார். அரை நிமிஷத்தில் காரியம் முடிந்தது. ஆனால் அவர் முகத்தில் இருந்த திருப்தி, அடுத்த நாள் வரையில் மறையவில்லை.

சங்கமத்தை ஒட்டி அக்பர் கட்டிய கோட்டை நிற்கிறது. அதன் பெரும் பகுதி இராணுவத்தின் வசத்தில் இருப்பதால், உள்ளே நிற்கும் அசோகர் தூணை விசேஷ அனுமதியின்றிப் பார்க்க முடியாது. மதிற்சுவரைப் பார்த்துத் திருப்தியடைந்தோம்.

அந்தத் தூணைப் போல் நம் தேசத்தின் சரித்திரத்தைத் தன் மேனியில் தாங்கிய கல் வேறொன்று இருப்பது அரிது. முதலில் அசோகர் அதில் எழுதினார். நாலாம் நூற்றாண்டில் சமுத்திரகுப்தனின் வெற்றிகளை ஹரிசேனர் என்ற கவி அதே கல்லில் பொறித்தார். காஞ்சியில் ஆண்ட விஷ்ணுகோபன் பெயரும் அதில் வருகிறது. பின்னர் ஜஹாங்கீர் தம் மூதாதையரின் வரிசையைப் பாரசீகத்தில் எழுதுவித்தார். இடையில் யாத்திரீகர்கள் பலர் தங்கள் பெயர்களைக் கீறிவிட்டுப் போனார்கள். அக்பரின் சபையிலிருந்த பீர்பாலும் அவர்களுள் ஒருவர். ஆனால் இவர்களில் எவரும் முன்னவர் எழுத்தை முழுவதும் அழித்துவிட்டுத் தமது எழுத்தைப் பொறிக்கவில்லை.  அதனால்தான் இன்று எல்லாரையும் நாம் அறிகிறோம்.

பிரின்ஸெப்பின் திறவுகோல் நம் தமிழ்நாட்டுப் பூட்டுக்களையும் திறந்தது. அசோகர் தமது பாறைச் சாஸனங்களில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரர் என்று ஒரு குலத்தாரையும் குறிப்பிடுகிறார். இவர்கள் யார் என்று அறிஞர்கள் பல காலம் வாதம் செய்தார்கள். 1981-இல் திருக்கோவலூருக்கு அருகேயுள்ள ஜம்பையில், ஒரு பாறைக் குகையில் தமிழ்-பிராமிக் கல்வெட்டு ஒன்று அகப்பட்டது. அதில் சத்தியபுத்திரன் என்ற பட்டத்துடன் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் இருந்தது. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதே அதியமான்! ஒரு வரி எழுத்து பிழைத்திருந்தது. ஒரு பெரிய ஐயம் தீர்ந்தது.

சாரநாதத் தூண்

காசியில் நாலு நாள் தங்கினோம். கங்கா ஸ்நானமும் விசுவநாதர் தரிசனமும் ஆயின. குமரகுருபரர் நிறுவிய மடத்தையும், பாரதியார் இளம் பிராயத்தில் வாழ்ந்த அனுமான் கட்டத்தையும் கண்டோம். ஐந்தாம் நாள் காலையில் பத்து கிலோமீட்டர் தூரத்திலுள்ள சாரநாதம் சென்றோம்.

புத்தர் பெருமான் முதல் உபதேசம் செய்த தலம் அது. தமேக் ஸ்தூபம் இன்னும் கம்பீரமாக நிற்கிறது. அதற்கு மேற்கே வட்டமான ஓர் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. அங்கே தர்மராஜிகம் என்ற பெரிய ஸ்தூபம் இருந்தது. 1794-இல், காசியில் ஒரு கடைவீதி கட்டுவதற்குச் செங்கல் வேண்டுமென்று அதை இடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். உள்ளே ஒரு பேழையில் எலும்புகள் இருந்தன. அவற்றைக் கங்கையில் விட்டார்கள். அதற்குப் பிறகு வருணை நதியில் பாலம் கட்டியபோது, இங்கிருந்து 48 சிலைகளையும் இன்னும் பல சிற்பக் கற்களையும் எடுத்துப்போய், வெள்ளத்தைத் தடுக்க ஆற்றில் போட்டார்கள்.

அசோகர் நிறுத்திய தூண் முறிந்து, அடித்துண்டு மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. அதன் சிகரமாயிருந்த நாலு சிங்கங்கள் மண்ணுக்குள் மறைந்திருந்து, 1905-இல் வெளிவந்தன. 1950 ஜனவரி 26 முதல் அவையே நமது தேசத்தின் முத்திரை. காட்சிசாலையின் நடு மண்டபத்தில் அவற்றை நேரில் கண்டபோது எங்களுக்கு மெய்சிலிர்த்தது. கையிலுள்ள நோட்டிலும் நாணயத்திலும் நித்தம் பார்க்கும் சிங்கங்கள்தான். ஆனாலும் மூலத்தின் முன் நிற்பது வேறு.

சங்கத்தைப் பிளவுபடுத்துவோருக்கு எச்சரிக்கை செய்யும் சாஸனம் அந்த அடித்துண்டில் இருக்கிறது. அதை அம்மாவுக்கு விளக்கிவிட்டு, செங்கல்லைக் கொண்டுபோன கதையையும் சற்று ஆத்திரத்துடனேயே சொன்னோம். தங்கள் செல்வத்தின் மதிப்பை அறியாத ஜனங்கள் என்றோம்.

அம்மா மெதுவாக, "நம்ம ஊர்க் கோயில் சுவரிலேயும் எழுத்து இருந்ததே, அதைத் தேய்த்துப்போட்டார்களே, அதுவும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

எட்டு வருஷங்களுக்கு முன் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் திருப்பணி நடந்தது. கருங்கல் சுவரில் பல தலைமுறையாய்ப் படிந்த சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் போக்க, மணலை வேகமாக வீசியடிக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். மூன்று நாளில் கல் பளிச்சென்று ஆகிவிட்டது. அதனுடன் கர்ப்பக்கிருகத்தின் வெளிச்சுவரைச் சுற்றியிருந்த எழுத்துக்களும் போய்விட்டன. நாங்கள் அன்று அங்கேதான் நின்றோம். சரித்திர ஆசிரியர்கள், தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை என்பது மட்டுமன்று. கோயில் எவ்வளவு அழகாகிவிட்டது என்று மகிழ்ந்து ஐயாயிரம் ரூபாயும் கொடுத்தோம். வாசலிலுள்ள சலவைக்கல்லில் உபயதாரர் வரிசையில் எங்கள் இருவர் பெயரும் இருக்கிறது.

1794-இல் இடித்தவர்களை நாங்கள் வைததை நினைத்து வெட்கப்பட்டோம். அவர்களுக்காவது அந்த ஸ்தூபம் இன்னதென்று சொல்ல எவரும் இருந்திருக்கமாட்டார்கள். எங்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை.

ஊரில்

திரும்பி வந்த மறுநாளே கோயிலுக்குப் போனோம். சுவரெல்லாம் தடவித் தேடினோம். கோமுகிக்குப் பின்னால், இயந்திரத்தின் குழாய் எட்டாத மூலையில், இரண்டரை வரி மிஞ்சியிருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பன்னிரண்டு மாணவர்களுடன் அங்கே செல்கிறோம். ஈரக் காகிதத்தை எழுத்தின்மேல் ஒட்டித் தட்டி, காய்ந்ததும் மைப்படி எடுக்கும் வித்தையை, தெரிந்த அன்பர் ஒருவர் வந்து கற்றுக்கொடுத்தார். சோழர் காலத்து எழுத்து அட்டவணையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்கிறோம். ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறோம் என்றே சொல்லவேண்டும். இரண்டு மாதத்தில் நந்தா விளக்கு ஒன்று, ஆடுகள் தொண்ணூறு, சந்திராதித்தவரை என்ற அளவுக்குப் படித்துவிட்டோம். அம்மாவும் அவ்விடத்தில் அகல் ஒன்று ஏற்றி வைக்கிறார். பழைய கல்வெட்டுப் பிரதிகளில் எங்கள் ஊர்க் கோயிலும் சேர்ந்திருக்கிறதா என்று விசாரித்துக் கடிதம் எழுதியிருக்கிறோம். பதிலை எதிர்பார்க்கிறோம்.

சென்ற வாரம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "விளக்கு இருக்கு, ஆடு இருக்கு; கொடுத்தவங்க யாரு, டீச்சர்?" என்று கேட்டாள்.

கொடுத்தவர் பெயர், அழிந்துபோன பக்கத்தில் இருந்தது. நாங்கள் அவளிடம் அதைச் சொன்னோம். எப்படி அழிந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னோம். அவள் சற்று நேரம் சுவரைப் பார்த்தாள். பிறகு வாசற்பக்கம் திரும்பி, சலவைக்கல்லிலிருந்த எங்கள் பெயர்களை வாய்விட்டுப் படித்தாள்.