வளைவிற் கற்ற பாடம்

நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்தனுப்புமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தனர். தமிழாசிரியன் ஒருவனிடம் இலக்கியம் பற்றியோ சமயநெறி பற்றியோ எழுத்தை எதிர்பார்த்தல் இயல்பே. ஆயினும் யாம் இங்கு எழுதப் புகுவது ஒரு மோட்டார் வண்டியின் வில்லுகளைப் பற்றியாகும். அன்பர்கள் முறுவலிக்கலாம், முறுவலித்தபின் பொறுமையோடு எம்முடன் கொஸ்லந்த வரை வருவார்களாக.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் ஏ-4 பெருந்தெரு பெரகலைச் சந்தியை அடைந்ததும், ஒரு கிளை அப்புத்தளைக்கு ஏறுகின்றது; பெருந்தெருவோ கொஸ்லந்தையூடாக வெல்லவாயையை நோக்கி இறங்குகின்றது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், இடையே வளைவுக்கு மேல் வளைவு. 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் தியலும அருவியைக் காண வருவோர் யாவரும் இவ்வழியை அறிவர். தோட்ட லயமொன்றிற் பிறந்து, மாமனார் ஒருவரின் தயவால் நம் கல்லூரி விடுதியில் தங்கிப் பயின்று, பின்னர் கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்று, பிறந்த மண்ணுக்கே மீண்டு இங்கு தமிழ் கற்பித்து வருகின்றோம்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் எம் வகுப்பின் கடைசி வாங்கில் ஒரு மாணவன் இருந்தான். புணர்ச்சி விதி கேட்டால் விழிப்பான். கொப்பியின் பின்தாளில் லொறியும் காரும் வரைவான். நல்லாசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கையும் உவமையாக நன்னூலார் கூறியதை ஆண்டுதோறும் கற்பிக்கும் யாம், ஒருநாள் வகுப்பார் அனைவரும் கேட்க, “உனக்குத் தமிழும் வராது, வேறொன்றும் வராது” என அவனைக் கடிந்தோம். சாதாரண தரப் பரீட்சையில் தமிழிற் சித்தியெய்தாது அவன் பாடசாலையை விட்டு நீங்கினான். பண்டாரவளையில் ஒரு கராஜில் எடுபிடியாகச் சேர்ந்தான் என்பதைப் பின்னரே அறிந்தோம். சில ஆண்டுகளின்பின் ஊர் திரும்பித் தெருவோரத்தில் தகரக்கூரை வேய்ந்து சொந்தமாகத் தொழில் தொடங்கினான். எம் மோட்டார் சைக்கிள் பழுதுற்ற நாளில் அவனிடமே செல்ல நேர்ந்தது. “வாங்க சேர்” என்று எழுந்து நின்றான். அன்றுமுதல் மாலை வேளைகளில் அங்கே அமர்ந்திருப்பது எமக்கு வழக்கமாயிற்று.

2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கு ஒரு விருந்தாளி வந்தது. 1967 இற் செய்யப்பெற்ற எம்.ஜி. மிட்ஜெட் என்னும் இருவர் அமரும் சிறிய பந்தயக் கார். நிறை ஏறக்குறைய 700 கிலோகிராம். மலைநாட்டில் இத்தகைய வண்டிகளுக்கு ஒரு பழைய கதையுண்டு. நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934 இல் தொடங்கிய காலந்தொட்டு, இவ்வகைச் சிறு கார்களை வளைவுகளில் விரட்டுவது துரைமாரின் பொழுதுபோக்காக இருந்தது. இவ்வண்டியின் உரிமையாளரும் மலையேற்றப் போட்டியொன்றில் ஓட்ட விரும்பினார். “தாழ்த்து, இறுக்கு” என்பதே அவர் இட்ட கட்டளை.

எம் மாணவன் அவ்வாறே செய்தான். முன்சில்லுகளுக்குக் கடினமான சுருள்வில்லுகளை இட்டான். பின்புறத்து அடுக்குத்தகட்டு வில்லுக்கும் அச்சுக்கும் நடுவே கட்டைகளைச் செருகி உடலைத் தாழ்த்தினான். பார்வைக்கு அது பாயவிருக்கும் சிறுத்தை போலிருந்தது. சோதனை ஓட்டத்திற்கு எம்மையும் ஏற்றிக்கொண்டான்.

நேர்வழியிற் குறையொன்றும் தோன்றவில்லை. முதுகெலும்பு மட்டுமே முறையிட்டது. கொஸ்லந்தைக்குக் கீழே இடப்புற வளைவொன்றில், தார் பெயர்ந்து அலையலையாய்க் கிடந்த இடத்தில், வண்டியின் பின்புறம் தவளைபோல் இருமுறை குதித்தது. மூன்றாம் முறை நிலத்தைத் தொடுமுன் வலப்புறமாக வழுக்கிற்று. அப்பால் பள்ளம். அவன் வேகத்தை ஒடுக்கிச் சுக்கானைத் திருப்பிப் பிடித்தமையால், தெருவோரக் கல்லுக்கு ஒரு சாண் இப்பால் வண்டி நின்றது. நெடுநேரம் இருவரும் பேசவில்லை. பின்பு அவன் சொன்னான்: “சேர், நான் வண்டிய இறுக்கிட்டேன். ரோட்ட பிடிக்க விடல.”

அவ்வாண்டு ஏப்ரல் 21 ஆந் திகதி தியத்தலாவையில் நடைபெற்ற ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில், ஓடுபாதையை விட்டு விலகிய வண்டி பார்வையாளர் நடுவே பாய்ந்தமையால் எழுவர் மாண்டனர். அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள். அதன் காரணத்தை ஆராய்தல் எம் பணியன்று. எம் மாணவனிடம் தொழில் பழகும் இரு பிள்ளைகள் அன்று அங்கே வேடிக்கை பார்க்கச் சென்றிருந்தனர் என்பதே எமக்குரிய செய்தி. அவர்கள் காயமின்றி மீண்டனர். ஆனால் இரண்டு நாள் வாய் திறந்திலர். 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தையிற் சரிந்த மண்ணைக் கண்ட ஊர் இது. சாவின் அருகாமை இங்குள்ளோர்க்குப் புதியதன்று. எனினும் பழகிவிடக்கூடியதும் அன்று.

மூன்றாம் நாள் இரவு அவன் எம் வீட்டுக்கு வந்தான். கையில் ஓர் அப்பியாசக் கொப்பி. “சேர், நம்ம செய்ற வண்டிய நம்பி ஒருத்தர் ஓட்டுறார். அவர நம்பி ரோட்டோரத்துல சனம் நிக்குது. பசங்க என்ன செய்றோம்னு தெரியாமலே நட்டு இறுக்குறாங்க. நானும் அப்படித்தான் பழகினேன். இத தமிழ்ல எழுதித் தாங்க” என்றான்.

அவன் விளக்க, யாம் எழுதினோம். எமக்கு அது புதிய பாடம். சில்லு மேட்டில் மோதும்போது வில்லு அமுங்கி அடியை ஏற்கின்றது. ஏற்ற வலுவை உடனே திருப்பி விடுகின்றது. தடுப்பாரில்லையெனின் வண்டி தொட்டில்போல் ஆடிக்கொண்டேயிருக்கும். அவ்வாட்டத்தை அடக்குவதே சொக் அப்சோபர். அதனுள்ளே எண்ணெய் சிறு துளையினூடே பிதுங்கிச் செல்லுகையில் ஆட்டம் வெப்பமாக மாறித் தணிகின்றது. ஆகவே அடியை ஏற்பது வில்லே. மற்றையது தணிப்பது மட்டுமே. ஆங்கிலப் பெயரே சற்றுப் பிழைபட நிற்பதை உணர்ந்து வியந்தோம்.

யாம் உவகை மேலிட்டு ‘அதிர்வுறிஞ்சி’ என்றெழுதிக் காட்டினோம். அவன் தலைசொறிந்தான். “சொக்னு சொன்னாத்தான் பசங்களுக்கு வெளங்கும் சேர். பேரு எதுவா இருந்தாலும் பரவால்ல. அது என்ன செய்யுதுங்கிறத தமிழ்ல சொல்லுங்க.” இருபதாண்டுகள் மொழி கற்பித்த எமக்கு இது தைத்தது. பெயரை மொழிபெயர்த்துவிட்டால் பொருளும் வந்துவிடும் என்று எத்தனை வகுப்புகளில் இறுமாந்திருந்தோம்!

மேலும் எழுதினோம். வளைவில் வண்டியின் பாரம் வெளிப்பக்கச் சில்லுகளுக்குப் பெயர்கின்றது. எவ்வளவு பெயரும் என்பதை வேகமும், வளைவின் ஒடுக்கமும், பாரமையத்தின் உயரமும், சில்லுகளின் இடையகலமுமே பெரும்பாலும் தீர்மானிக்கும். வில்லைக் கடினமாக்கினால் உடலின் சாய்வு குறையும். பாரம் பெயர்வது நின்றுவிடாது. கடினமான வில்லோ கரடான பாதையில் அமுங்க மறுத்துச் சில்லைத் தரையினின்று எழுப்பிவிடும். தரையைத் தொடாத டயர் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் பயனில்லை. அன்று நிகழ்ந்தது இதுவே. மிட்ஜெட்டின் பழைய நெம்புகோல் வகைச் சொக்குகளில் எண்ணெய் வற்றியிருந்தது; தாழ்த்தியமையால் பின்னச்சு மேலே இரப்பர்க் கட்டையில் இடித்தது; வில்லு அசைய இடமின்றிப் போயிற்று.

திருத்தம் ஆரவாரமின்றி நிகழ்ந்தது. செருகிய கட்டைகளைக் கழற்றினான். முன்புறத்துக்கு முன்னிருந்ததினும் சிறிதளவே கடினமான வில்லுகளைத் தேர்ந்தான். சொக்குகளைக் கழற்றிக் கழுவித் தக்க எண்ணெய் நிரப்பினான். தேய்ந்த இரப்பர்ப் புஷ்களை மாற்றினான். உடலின் சாய்வைக் குறைக்கும் முறுக்குத் தண்டு முன்புறத்திற் சற்றுத் தடித்ததாகப் பொருத்தப்பட்டது. எல்லை மீறினால் பின்புறத்துக்கு முன் முன்புறமே வழுக்கும், அது புதியவருக்கு அடக்க எளிது என்றான். சில்லுகளின் உள்நோக்கையும் சாய்கோணத்தையும் அளந்து திருத்தினான். டயர்க் காற்றை மூன்று முறை பார்த்தான். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, அதே தெருவில் நிதானமாக ஓட்டி, கொப்பியிற் குறித்து, அதன்பின்னரே அடுத்ததைத் தொட்டான். பரீட்சை விடைத்தாள்களை நாமேனும் இத்தனை கவனத்தோடு திருத்தியதுண்டோ என்ற எண்ணம் எழுந்தது.

இறுதி ஓட்டத்திற்கு மீண்டும் எம்மை அழைத்தான். அதே வளைவு, அதே அலைகள். வண்டி மெல்லச் சாய்ந்தது, ஒருமுறை அமுங்கி எழுந்தது, அடங்கிற்று. கோடு பிறழாமல் வளைவைக் கடந்தது. முன்னையதினும் மென்மையாக இருந்தது. முன்னையதினும் உறுதியாகத் தரையைப் பற்றியிருந்தது.

திரும்பி வந்து நின்றபின், அன்று வகுப்பில் யாம் கூறியது நினைவிருக்கின்றதா என வினவினோம். “இருக்கு சேர்” என்றான். வேறொன்றும் சொல்லாமல் குனிந்து சில்லின் நட்டுகளைச் சரிபார்க்கலானான். பிழை எம்முடையது என்றோம். நிறைகோலைப் பாடமாக நடத்தினோமேயன்றி, அவனை ஒருநாளும் அதில் வைத்துப் பார்த்திலோம். கடினமே கண்டிப்பு என்றெண்ணிய காலத்தில் எத்தனை பிள்ளைகள் தரைவிட்டு எழுந்து வழுக்கிப் போயினரோ, அறியோம்.

அக்கொப்பி இன்று அறுபது பக்கங்களை எட்டியுள்ளது. தொழில் பழகும் பிள்ளைகள் மாலையில் அதனை உரக்க வாசிக்கின்றனர்; விளங்காத இடத்தில் எம்மை நிறுத்திக் கேட்கின்றனர்; யாம் அவர்களின் ஆசானைக் கேட்கின்றோம். நம் கல்லூரியின் பழைய மாணவருட் பொறியியலாளர் பலருளர். உலகெங்கும் பரந்து சிறந்து விளங்கும் அன்பர்களிடம் இவ்விழாவையொட்டி ஒன்று வேண்டுகின்றோம். இக்கொப்பியை ஒருமுறை பார்த்துப் பிழை திருத்தித் தாருங்கள். அச்சேற்றும் பொருள் இல்லையெனினும் ஆகுக; கையெழுத்துப் பிரதியே போதும். மலையடிவாரத்துத் தகரக் கொட்டகைகளில் நட்டு இறுக்கும் பிள்ளைகள், தாம் செய்வது இன்னதென்று தம் மொழியில் அறிந்து செய்யட்டும்.

நம் கல்லூரி நீடு வாழ்க!