சாக்கடைக் கொசுவும் சிவப்புக் குருவியும்

கும்பகோணம் பக்கத்தில் பைலேரியா தடுப்புப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீடு வீடாகக் கதவைத் தட்டி, விரலில் குத்தி ரத்தம் எடுப்போம். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் தோலோரத்து ரத்தத்துக்கு வரும். அதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு கடிப்பதும் அந்த நேரத்தில்தான். "பகலில் வந்தால் என்ன?" என்று திட்டு வாங்காத தெரு கிடையாது. பகலில் சாக்கடையில் டிப்பரை முக்கிக் கொசுப்புழு எண்ணுவோம்.

என் அத்தைக்கு இடது காலில் யானைக்கால். எந்தக் கல்யாணத்துக்கும் வரமாட்டார். வந்தாலும் சமையற்கட்டைத் தாண்டி வெளியே வரமாட்டார். ஆகையால் அந்தக் கொசுவின்மேல் எனக்கு இருந்தது வெறும் உத்தியோகக் கோபம் அல்ல.

சென்ற வருடம் மகளும் மாப்பிள்ளையும் என்னை ஹவாய்த் தீவுகளுக்கு அழைத்துப் போனார்கள். மாவி தீவில் இறங்கியதும் கண்ணில் பட்ட முதல் பறவை நம்ம ஊர் மைனா! புழுக்களைத் தின்னட்டும் என்று 1865இல் இந்தியாவிலிருந்து கொண்டுபோய் விட்டார்களாம். எங்கே திரும்பினாலும் மைனாவும் வந்தேறிப் புறாவும்தான். "இந்த ஊர்ப் பறவை எங்கே?" என்று கேட்டேன். "மலைமேல்தான் இருக்கிறது. கீழே இருந்தால் கொசு கடித்துச் செத்துவிடும்" என்றாள் மகள்.

எந்தக் கொசு என்று கேட்டேன். கைபேசியில் தேடிக் காட்டினாள். கியூலெக்ஸ் குயின்குபேசியேட்டஸ். நான் முப்பது வருடம் துரத்திய அதே ஆள்!

ஹவாயில் ஆதியில் கொசுவே கிடையாது. 1826 வாக்கில் ஒரு கப்பல் லஹைனாவில் தண்ணீர் பிடிக்க வந்து, பழைய பீப்பாய்த் தண்ணீரைக் கொட்டியதாகவும், அதிலிருந்த புழுக்கள் கரை ஏறியதாகவும் சொல்கிறார்கள். பிற்பாடு வெளியூர்ப் பறவைகளோடு பறவை அம்மையும் பறவை மலேரியாவும் வந்தன. இந்த மலேரியா மனிதருக்கு வராது. மைனா, சிட்டுக்குருவி எல்லாம் காலங்காலமாக அதோடு பழகியவை, தாங்கிக்கொள்ளும். தீவுப் பறவைகள் கொசுவையே பார்த்ததில்லையே, எப்படித் தாங்கும்? ஐம்பதுக்கு மேல் வகைகள் இருந்த தேன்குருவிக் குடும்பத்தில் இன்று மிஞ்சியவை பதினேழு வகைதான். எல்லாம் கொசுவால் போனவை அல்ல. காட்டை அழித்ததும், எலியும் பூனையும் தின்றதும் உண்டு.

இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும். மலேரியா கொசுவால் பரவுகிறது என்பதை 1898இல் கல்கத்தாவில் ரொனால்ட் ராஸ் முழுதாக நிரூபித்தது பறவைகளையும் இந்தக் கியூலெக்ஸ் ஜாதிக் கொசுவையும் வைத்துத்தான். பயிற்சி வகுப்பில் அதைப் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். அதே கிருமி ஒரு தீவையே காலி செய்யும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் ஹலேயகலா மலையில் ஹோஸ்மர் குரோவ் என்ற இடத்துக்குப் போனோம். ஏழாயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஏப்ரலிலும் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்கமுடியாத குளிர். அந்தக் குளிர்தான் அவற்றுக்குக் கோட்டை. சுமார் 13 டிகிரிக்குக் கீழே கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமி வளராது. அரைமணி நேரம் நின்றபின் ஒரு ஈஈவி வந்தது. குங்குமச் சிவப்பு உடம்பு, கறுப்புச் சிறகு, அரிவாள் மாதிரி வளைந்த அலகு. பழைய ராஜாக்கள் மேலங்கி செய்தது இதன் இறகில்தான். ஓட்டைக் கதவு மாதிரி கிறீச்சிட்டது. பூவில் தலைகீழாகத் தொங்கித் தேன் குடித்துவிட்டுப் போய்விட்டது. கிருமியுள்ள கொசு ஒரே ஒரு தரம் கடித்தால், பத்தில் ஒன்பது ஈஈவி செத்துப்போகும் என்று சோதனையில் கண்டிருக்கிறார்கள்.

இப்போது பூமி சூடாகிறது, கொசு மேலே ஏறுகிறது. மாவி மலை பத்தாயிரம் அடி, பறவை இன்னும் கொஞ்சம் ஏறலாம். காவாய் தீவின் உச்சியே 5,200 அடிதான். அங்கே அகிகிகி என்ற சாம்பல் குருவி 2023இல் காட்டில் ஐந்து மட்டுமே எஞ்சியிருந்தது.

அங்கே கொசு வளர்வது எங்கே என்று தொழில் புத்தியில் விசாரித்தேன். காட்டுப்பன்றி மரப்பெரணியைச் சாய்த்து உள்ளிருக்கும் சோற்றைத் தின்கிறது. குடைந்த தண்டில் மழைத்தண்ணீர் தேங்குகிறது. நம்ம ஊரில் தேங்காய்ச் சிரட்டை மாதிரி. அந்த மலைச்சரிவில் யார் போய் எண்ணெய் தெளிப்பது?

அதனால் வேறு வழி பிடித்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் ஆண் கொசுக்களை வளர்த்து, 2023 கடைசியிலிருந்து ஹெலிகாப்டரில் கொண்டுபோய்க் காட்டில் விடுகிறார்கள். இவற்றின் உடம்பில் இருப்பது வேறு வகை வோல்பாக்கியா என்ற பாக்டீரியா. காட்டுப் பெண் கொசு இவற்றோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. ஆண் கொசு கடிக்காது என்பது என் வாசகர்களுக்கு நான் நூறு தடவை சொன்னதுதான். இந்த வித்தை புதிதும் அல்ல. 1967லேயே ரங்கூன் பக்கத்தில் ஒக்போ என்ற கிராமத்தில் இதே கொசுவை இப்படி ஒடுக்கிக் காட்டினார்கள்.

கொசுவை ஒழிக்கக் கொசுவையே அள்ளிக் கொட்டுவது என்றதும் எனக்கு முதலில் வயிற்றைக் கலக்கியது உண்மை. அதே சமயம் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. நாங்கள் மாத்திரை கொடுத்து நோயைக் குறைத்தோம், கொசுவை ஒழிக்கவில்லை. இன்றும் என் வீட்டுச் சாக்கடையில் டிப்பரை முக்கினால் புழு வரும். இவர்கள் ஜெயிப்பார்களா என்று பார்க்க எனக்கு ஆயுசு இருக்கவேண்டும்.

அன்று ராத்திரி, கீழே ஓட்டல் குளியலறைச் சுவரில் ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. சுவரோடு ஒட்டிய உடம்பு, கூன் முதுகு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தேன். ஆணாக இருந்தால் மீசை இறகு மாதிரி புசுபுசுவென்று இருக்கும். ஹெலிகாப்டரில் வந்தவனாக இருந்துவிட்டால் பாவம் அல்லவா!

மீசை இல்லை. அடித்தேன்.