ஹிங்க்ஸி மேட்டில் மூச்சுத் திணறல்!

ஆக்ஸ்ஃபோர்டுன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகத்துக்கு வரும்? டிக்‌ஷனரி? கறுப்பு அங்கி போட்ட புரொஃபசர்கள்? எனக்கு ஒரு மேடுதான் ஞாபகத்துக்கு வரும். ஊருக்குத் தெற்கே, ஆபிங்டன் போற வழியில இருக்கிற ஹிங்க்ஸி மேடு. அந்த மேட்டுல 1967 மாடல் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு செகண்ட் கியர்ல முக்கி முனகி ஏற, பின்னாடி பத்து வண்டி வரிசை கட்டி நின்னுச்சு. காரை அந்தக் கதிக்கு ஆளாக்கின புண்ணியவான் அடியேன்தான்.

மாஸ்டர்ஸ் படிக்க இங்கே வந்த எனக்கும் என் ரூம்மேட் திருநெல்வேலிக்காரனுக்கும் மாடி ரூமை வாடகைக்கு விட்டவர் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்வார். நமக்கு வாய் வருமா? எங்களுக்குள்ள 'தாத்தா'தான். 1973-ல் வாங்கின கரும்பச்சை எம்.ஜி.பி.யை கராஜில் கண்ணாட்டம் வெச்சிருக்கார். பிரிட்டனில் 70 வயசு தாண்டினா மூணு வருஷத்துக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பிக்கணும். தாத்தாவுக்கு இந்த இலையுதிர் காலத்தில் 79. 'இந்தத் தடவை ஃபார்ம் அனுப்பப் போறதில்லை. முழங்கால் கிளட்ச்சோட சண்டை போடுது'ன்னு ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னார். அதுக்கு முன்னாடி வண்டியை அது பிறந்த ஊரான ஆபிங்டனுக்கு ஒருமுறை ஓட்டிட்டுப் போகணும்னு ஆசை.

ஆனா ஒரு சிக்கல். வண்டியின் ரெண்டு ஏர் ஃபில்டர் டப்பாவில் ஒண்ணு துருப்பிடிச்சு ஓட்டை விழுந்து கிடந்தது. 'நீதான் இன்ஜினீயராச்சே, எதை மாட்டலாம்னு நீயே முடிவு பண்ணு'ன்னு பொறுப்பை என் தலையில் கட்டிட்டார். காலேஜில் கம்ப்யூட்டரில் காற்றோட்டத்தைக் கலர் கலரா வரைஞ்சு பார்த்த தைரியத்தில் நானும் தலையாட்டிட்டேன்.

கொஞ்சம் கணக்குப் போடுவோமா? எம்.ஜி.பி. இன்ஜின் 1,798 சி.சி. நாலு ஸ்ட்ரோக். அதனால ரெண்டு சுத்துக்கு ஒருமுறைதான் முழு மூச்சு இழுக்கும். 5,400 ஆர்.பி.எம்.மில் நிமிஷத்துக்குச் சுமார் 4,850 லிட்டர் காற்று வேணும். சும்மா உட்கார்ந்து இதைப் படிக்கிற நீங்க நிமிஷத்துக்கு இழுக்கிறது ஆறேழு லிட்டர்தான்! அவ்வளவு காற்றும் ஒன்றரை இன்ச் வாய் உள்ள ரெண்டு எஸ்.யூ. கார்புரேட்டர் வழியாத்தான் உள்ளே போகணும். அந்த வாய்க்கு முன்னாடி என்ன வைக்கப்போறோம்? இதுதான் கேள்வி.

"ஏலே, ஃபில்டரே வேணாம்ல! குழல் மட்டும் மாட்டு. சத்தம் அள்ளும் பாரு!" - இது ரூம்மேட். ரேஸ் கார் படங்களில் பார்த்திருப்பீங்களே, நாதஸ்வர அணைசு மாதிரி விரிஞ்சு பளபளன்னு நிற்குமே, அந்தக் குழல். அது வெறும் அலங்காரம் இல்லை. கல்யாண மண்டபத்தில் பந்திக் கதவைத் திறந்ததும் நேரா வர்றவங்க சுலபமா நுழைஞ்சுடுவாங்க. சைடிலிருந்து முட்டிக்கிட்டு வர்றவங்களால்தான் வாசலே அடைச்சுக்கும். காற்றும் அப்படித்தான். கூர்மையான விளிம்புன்னா முட்டி மோதிச் சுருங்கும், வளைஞ்ச விளிம்புன்னா வழுக்கிட்டு உள்ளே போகும். ஆனா ரோட்டில் ஃபில்டர் இல்லாம ஓட்டினா தூசியும் பொடிக்கல்லும் சிலிண்டருக்குள்ளே போய் உப்புத்தாள் வேலை பார்க்கும். கார்புரேட்டர் எப்பவாவது 'டுப்'புன்னு நெருப்பைத் திருப்பித் துப்பினா தடுக்கவும் ஆள் இல்லை. அதனால் ரூம்மேட் அவுட்!

அடுத்து இத்தாலிய வெபர் கார்புரேட்டர். அதுக்கு மேனிஃபோல்டையே மாத்தணும், ஜெட்டெல்லாம் தேடித்தேடிப் பொருத்தணும். போதாக்குறைக்கு ஃபில்டர் வைக்க இடமும் நெருக்கடி. நமக்குக் கட்டுப்படியாகாது. ஃபேக்டரி டப்பா? பார்க்க எண்ணெய் டின் மாதிரி இருந்தது. மிச்சம் இருந்தது 'பான்கேக்'. தோசைக்கல் சைஸில் தட்டையா, ஓரம் பூரா ஃபில்டர், மேலே குரோம் மூடி. விலை கம்மி. கண்ணாடி மாதிரி மின்னுச்சு. அதையே வாங்கிட்டேன்.

உங்களில் பைக்குக்கு ஃபில்டர் மாத்தணும்னு துடிக்கிறவங்க இங்கே கொஞ்சம் பிரேக் போடுங்க. எம்.ஜி.பி.யில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், மேலேயும் கீழேயும் இருக்கும். நடுவில் ஒரு தகடுதான் தடுப்பு. 27 டிகிரி காற்றோட ஒப்பிட்டா 57 டிகிரி காற்றில் அடர்த்தி சுமார் 9 சதவிகிதம் கம்மி. அதாவது, திறந்த ஃபில்டர் தடையில்லாம இழுக்கும், ஆனா இழுக்கிறது சூடான மெலிஞ்ச காற்று. நான் தூக்கிப் போடப்பார்த்த டப்பாவுக்கு ஒரு மூக்கு இருந்தது, கவனிச்சேன். எதுக்குன்னு யோசிக்கலை.

சனிக்கிழமை சாயங்காலம் மாட்டி முடிச்சாச்சு. ஸ்டார்ட் பண்ணினா ஐடிலிங் பிரமாதம்! தாத்தா என் தோளில் தட்டினார். காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பயணம். ரெண்டே சீட்டு, அதனால் ரூம்மேட் பஸ்ஸில். ஊருக்குள் இருக்கிற வரை ஒண்ணும் தெரியலை. பைபாஸ் தாண்டி ஹிங்க்ஸி மேட்டில் தாத்தா ஆக்ஸிலரேட்டரை மிதிச்சார். மிதிச்சார்... மிதிச்சுக்கிட்டே இருந்தார். வண்டியில் பிக்கப்பே இல்லை! ஆஸ்துமாக்காரர் மாடிப்படி ஏறுற மாதிரி இழுத்தது. பின்னால் கறுப்புப் புகை. தேர்டு, செகண்ட்... பின்னாடி வந்தவர் ஹார்ன்கூட அடிக்கலை. அதுதான் ரொம்ப அவமானமா இருந்தது. தாத்தா என்னைத் திட்டலை. 'வயசாச்சு'ன்னு முணுமுணுத்தார். வண்டிக்கா, அவருக்கான்னு எனக்குப் புரியலை. மேட்டு உச்சியில் மரங்களுக்கு நடுவே கொஞ்சம் நின்னு மூச்சு வாங்கிட்டு, இறக்கத்தில் உருண்டு ஆபிங்டன் போய்ச் சேர்ந்தோம்.

தேம்ஸ் ஆற்றங்கரையில் அழகான சின்ன ஊர். நடு மார்க்கெட்டில் தூண் மேல தூக்கி வெச்ச மாதிரி ஒரு கல் கட்டடம். 1678-ல் ஆரம்பிச்சு 1682-ல் முடிச்ச கவுன்ட்டி ஹால். ராஜ குடும்பத்தில் விசேஷம்னா இதன் மொட்டை மாடியிலிருந்து மேயரும் கவுன்சிலர்களும் கூட்டத்தை நோக்கி பன் வீசுவாங்க. சத்தியமா... தின்கிற பன்தான்! இப்போ இது மியூசியம். பழைய பன்களைக்கூடப் பத்திரமா வெச்சிருக்காங்க. கூடவே ஒரு எம்.ஜி.பி. காரும் நிற்குது.

எம்.ஜி.ன்னா மோரிஸ் கராஜஸ். ('ஆர்' எங்கேன்னு கேட்காதீங்க, ரூம்மேட் ஏற்கெனவே கேட்டாச்சு.) 2019-லிருந்து நம்ம ஊர் ரோட்டில் ஓடுற ஹெக்டர் மேல இருக்கே எண்கோண லோகோ, அதேதான். இப்போ அந்தப் பேர் சீன கம்பெனி கையில். 1929-ல் பாவ்லோவா தோல் தொழிற்சாலையின் ஒரு பகுதியில் இடம் பிடிச்சு இந்த ஊருக்கு வந்தாங்க. 1980 அக்டோபரில் மூடினாங்க. நடுவில் பத்து லட்சத்துக்கும் மேல வண்டிகள். அதில் எம்.ஜி.பி. மட்டுமே அஞ்சு லட்சத்துக்கு மேல. இத்தனைக்கும் இன்ஜின் கவென்ட்ரியிலிருந்து, பாடி ஸ்விண்டனிலிருந்து, கார்புரேட்டர் பர்மிங்காமிலிருந்து. இங்கே நடந்தது கோக்கிற வேலைதான். தானா நகருற லைன்கூடக் கிடையாது. ஒரு ஆளிடமிருந்து அடுத்த ஆளுக்கு வண்டியைக் கையால் தள்ளிட்டுப் போவாங்களாம். இன்னிக்கு அந்த இடத்தில் வீடுகளும் ஆபீஸ்களும். தேடிப் போனா ஏமாந்துடுவீங்க.

தோல்னு சொன்னேன்ல, ஒரு குட்டி விஷயம். எஸ்.யூ.ன்னா ஸ்கின்னர்ஸ் யூனியன். கண்டுபிடிச்சது செருப்பு வியாபாரக் குடும்பம். அவங்க முதல் கார்புரேட்டருக்குள்ளே இருந்தது தோல் துருத்தி! பிறகுதான் உலோக பிஸ்டன் வந்தது.

பழைய ஃபேக்டரிக்குப் பக்கத்தில் எம்.ஜி. கார் கிளப்போட தலைமையகம். எம்.ஜி.யை உருவாக்கின செசில் கிம்பர் ஞாபகமா கிம்பர் ஹவுஸ்னு பேர். அந்தத் தெருவோரத்தில் தாத்தா வண்டியை நிறுத்தி போனட்டைத் திறந்தார். எதிரே வெள்ளை எம்.ஜி.ஏ. ஒண்ணு. 1955-ல் வந்த மாடல், 1,489 சி.சி. பி-சீரிஸ் இன்ஜின். நம்ம அம்பாசடரில் வருஷக்கணக்கா ஓடின அதே இன்ஜின் குடும்பம்! நம்ம டாக்ஸி ஸ்டாண்ட் அண்ணாச்சிகளுக்கு இது தெரிஞ்சா மீசையை முறுக்குவாங்க.

எம்.ஜி.ஏ.விலிருந்து இறங்கினது அறுபது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா. எங்க போனட்டுக்குள் எட்டிப் பார்த்தார். என்ன ஆச்சுன்னு கேட்டார். ஐடிலிங் நல்லா இருக்கு, மேட்டில் இழுக்கலைன்னு சொன்னேன். "யார் மாட்டினது?" கையைத் தூக்கினேன். ஹேண்ட்பேகிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். (எங்க அம்மா பையில் விபூதிப் பொட்டலம் இருக்கிற இடம்!)

அடுத்த அஞ்சு நிமிஷம் நான் படிச்ச பாடம் எந்த செமஸ்டரிலும் இல்லை. எஸ்.யூ. கார்புரேட்டர் கிட்டத்தட்ட குக்கர் வெயிட் மாதிரி. இன்ஜின் அதிகமா உறிஞ்ச உறிஞ்ச, உள்ளே ஒரு பிஸ்டன் மேலே எழும்பும். காற்று வழி அகலமாகும். பிஸ்டனோட அடியில் இருக்கிற கூர் ஊசியும் சேர்ந்து எழும்பி அதுக்கேத்த பெட்ரோலை விடும். பிஸ்டன் மேலே போகணும்னா அதன் கீழ்ப்பக்கம் வெளிக்காற்று வரணும் இல்லையா? அதுக்காக கார்புரேட்டர் வாய் ஓரத்தில் ரெண்டு குட்டி ஓட்டை உண்டு. ஃபில்டரின் அடித்தட்டிலும் கேஸ்கெட்டிலும் அதுக்கு நேரா ஓட்டை போட்டிருப்பாங்க. நான் தட்டைத் தலைகீழா மாட்டியிருந்தேன்! ஓட்டை ரெண்டும் மூடிக்கிச்சு. ஊசி போடுற சிரிஞ்சின் வாயை விரலால் அடைச்சுட்டு பிஸ்டனை இழுத்துப் பாருங்க. வருமா? அதேதான். ஐடிலிங்கில் பிஸ்டன் எழும்பத் தேவையே இல்லை, அதனால் சத்தமில்லாம இருந்தது. மேட்டில் காற்று பத்தாம பெட்ரோல் மட்டும் கூடிப்போய், கறுப்புப் புகை.

தட்டைத் திருப்பிப் போட்டோம். நாலு போல்ட். அவ்வளவுதான்.

அந்த அம்மா விடலை. "பழைய டப்பா எங்கே?" வீட்டில் இருக்குன்னோம். தூக்கிப் போட்டுடாதீங்கன்னார். அந்த டப்பாவின் அடித்தட்டைக் கையால் தடவிப் பார்த்தா தெரியுமாம். உள்பக்கம் வாய் வளைஞ்சு விரிஞ்சிருக்கும். அதாவது ரூம்மேட் கேட்ட அந்தக் குழல், எண்ணெய் டின்னுக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கு! என் பளபளா பான்கேக்கில் அது இல்லை, சும்மா தட்டைத் தகடு. அதையே வெச்சுக்கணும்னா உள்ளே குட்டியா ஒரு வளைவுக் குழல் தனியா வாங்கி மாட்டணும், ஊசியையும் மாத்த வேண்டி வரலாம், பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்கணும். பிஸ்கட் நிறம்னா சரி, வெளுத்திருந்தா பெட்ரோல் பத்தலை, கரி பிடிச்சிருந்தா அதிகம். 2021-லிருந்து இங்கே சாதா பெட்ரோலில் 10 சதவிகிதம் வரை எத்தனால். கலவை இன்னும் கொஞ்சம் மெலியும், அதையும் கணக்கில் எடுத்துக்கணும்.

நாற்பது வருஷம் தாண்டின வண்டிகளுக்கு 2018-லிருந்து இங்கே வருஷாந்திர சோதனை கட்டாயமில்லை. அதனால என்னை மாதிரி ஆள் மாட்டினதை வேற யாரும் செக் பண்ணப்போறதில்லை. இது அப்போதான் உறைச்சது. பக்கத்து சீட்டில் 78 வயசுக்காரரை வெச்சுக்கிட்டு டெஸ்ட் பண்ணியிருக்கேன்.

பஸ்ஸில் வந்து சேர்ந்த ரூம்மேட்டைக் கூட்டிக்கிட்டு பன் மியூசியம், ஆற்றங்கரைன்னு சுத்திட்டுக் கிளம்பினோம். திரும்பும்போது ஆபிங்டன் பக்கத்து ஏற்றத்தை வண்டி தேர்டு கியரிலேயே ஏறிச்சு. 'ப்ர்ர்ர்'ன்னு அந்த உறிஞ்சல் சத்தம், எக்ஸாஸ்ட் சத்தம் இல்லைங்க, மூச்சு இழுக்கிற சத்தம். தாத்தா ஒரு வார்த்தை பேசலை. உச்சி வந்ததும் வீட்டுப்பக்கம் இறங்காம, ரவுண்டானாவை முழுசா சுத்தி வந்த வழியே வண்டியைத் திருப்பினார்.

"எங்கே போறோம்?"

"இன்னொரு தடவை."

வீட்டுக்கு வந்ததும் பழைய டப்பா ரெண்டையும் கராஜ் மூலையிலிருந்து எடுத்தேன். விரலை விட்டுத் தடவினேன். ஆமாம், வளைவு இருக்கு. ஓட்டை விழுந்ததுக்கு பதிலா நல்ல செகண்ட் ஹேண்ட் டப்பா ஒண்ணு சொல்லி வெச்சிருக்கோம், புது ஃபில்டர் வந்தாச்சு. பான்கேக் ரெண்டும் ரூம்மேட் டேபிளில். ஒண்ணு பேனா ஸ்டாண்ட், இன்னொண்ணில் சில்லறை. லைசென்ஸ் ஃபார்ம் என்ன ஆச்சுன்னு நான் கேட்கலை. இந்த சனிக்கிழமை டப்பாவை மாட்டப்போறோம். இந்தத் தடவை ஓட்டையை தாத்தாவே செக் பண்ணுவாராம்.